முதலில் மூச்சு, அப்புறம்தான் அழகு

நான் மூக்கு ஆபரேஷன் செய்துகொண்டவள் என்று தெரிந்ததும், எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பெண்கள் முதலில் கேட்பது எவ்வளவு செலவாச்சு என்பதைத்தான். அடுத்து, ரொம்ப வலிச்சுதா. கொஞ்சம் நெருங்கிப் பழகியவர்களாக இருந்தால் தழும்பு எங்கே என்று தாடையைத் தூக்கிப் பார்ப்பார்கள். "இப்ப மூச்சு நல்லா வருதுங்களா டீச்சர்?" என்று கேட்டவர், எங்கள் பள்ளியில் மதியச் சாப்பாடு சமைக்கும் அக்கா ஒருவர்தான். அவருக்குப் பல வருடமாக சைனஸ் தொல்லை. மூக்கைத் திருத்திக்கொள்ள நினைக்கிறவர்கள் டாக்டரிடம் எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டியது அந்தக் கேள்வியைத்தான். ஆபரேஷனுக்குப் பிறகு நான் எப்படி மூச்சு விடுவேன்? இதற்குத் தெளிவாகப் பதில் சொல்லாத இடத்தில் மற்ற எதையும் பேசிப் பயனில்லை.

எங்கள் ஊர் பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. வீட்டில் தமிழ், அலுவலகத்தில் மலையாளம். நான் தமிழ் மீடியம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். உடம்புக்கு ஏதாவது வந்தால் பாதிப்பேர் பாலக்காடு, திருச்சூர் என்று மேற்கே போவோம். மீதிப்பேர் வேலந்தாவளம் தாண்டிக் கோவைக்குப் போவோம். சின்ன வயதில் விழுந்து மூக்கில் அடிபட்டபோது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வளர வளர மூக்கின் மேல் பகுதியில் ஒரு மேடு எழுந்தது, நுனி வலப்பக்கம் சாய்ந்தது, வலது துளை எப்போதும் பாதி அடைத்தே இருந்தது. இரவில் வாயால் மூச்சு விட்டு, காலையில் தொண்டை வறண்டு எழுந்திருப்பேன். மூச்சுத் தொல்லை இருந்தது உண்மை. அழகும் வேண்டும் என்று நினைத்தேன், அதுவும் உண்மை. பக்கவாட்டில் போட்டோ எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வழக்கம் எனக்குப் பள்ளி நாளிலிருந்தே உண்டு. அப்படி ஆசைப்படுவது தப்பில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

மூக்கின் மேல் மூன்றில் ஒரு பங்குதான் எலும்பு. அதற்குக் கீழே எல்லாம் குருத்தெலும்பு, அதன்மேல் தோல். இரண்டு துளைகளுக்கும் நடுவே ஒரு சுவர் இருக்கிறது. நாம் மூக்குத் தண்டு என்று சொல்வது இதைத்தான். டாக்டர்கள் செப்டம் என்பார்கள். வெளியே தெரிகிற வடிவத்தைத் தாங்குவதும் உள்ளே காற்றுப் பாதையைத் திறந்து வைப்பதும் இதே குருத்தெலும்புகள்தான். அழகுக்காக அதிகம் செதுக்கிவிட்டால், மூச்சை இழுக்கும்போது பக்கச் சுவர்கள் உள்ளே ஒட்டிக்கொள்ளும். ஒல்லியான, எடுப்பான மூக்கு கிடைக்கும், காற்று போகாது. தண்டிலிருந்து குருத்தெலும்பு எடுக்கும்போதுகூட மேல் விளிம்பிலும் முன் விளிம்பிலும் சுமார் 1 சென்டிமீட்டர் அகலத்துக்காவது 'ட' போன்ற ஒரு பகுதியைத் தொடாமல் விடுவார்கள். பந்தலுக்குக் கால் மாதிரி அது. அதைப் பலவீனப்படுத்தினால் மூக்கின் நடுப்பகுதி பிற்காலத்தில் அமுங்கிப் போகும். இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால், எந்த டாக்டரிடம் போவது, எதற்குச் சம்மதிப்பது என்பதெல்லாம் பாதி தெளிந்துவிடும்.

முதலில் நான் போன இடம் ஒரு பெரிய ஊரில் இருக்கும் அழகு சிகிச்சை கிளினிக். பெயர் வேண்டாம். வரவேற்பில் உட்காரவைத்து காபி கொடுத்தார்கள். அப்புறம் கோட்டுப் போட்ட ஒரு பெண் டேப்லெட்டில் என் முகத்தைப் படம் எடுத்து, விரலால் தள்ளித் தள்ளி மூக்கை மாற்றிக் காட்டினார். டாக்டரா என்று கேட்டபோது "கன்சல்டன்ட்" என்றார். சிலிக்கான் வைத்தால் மூக்கு எடுப்பாக இருக்கும் என்றார். அந்த வாரமே முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்றார். அங்கே இருந்த நேரம் முழுக்க ஒருவரும் என் மூக்குக்குள் டார்ச் அடித்துப் பார்க்கவில்லை. ஆபரேஷன் செய்யப்போகும் டாக்டர் யார் என்று கேட்டதற்கு, "எங்க பேனல்ல நிறைய பேர் இருக்காங்க மேடம்" என்பதுதான் பதில். நானும் வீட்டுக்காரரும் எழுந்து வந்துவிட்டோம். முகத்தில் கத்தி வைக்கப்போகிறவரின் பெயரைக்கூடச் சொல்லாத இடத்தில் பணம் கட்டக்கூடாது. தள்ளுபடிக்குக் கெடு வைக்கிற இடத்திலும் அப்படித்தான். இது அவசர ஆபரேஷன் கிடையாது. ஆறு மாதம் யோசித்தாலும் மூக்குக்கு ஒன்றும் ஆகாது.

கோவையில் இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் முதலில் என் பேச்சைக் கேட்டார். எந்தப் பக்கம் அடைப்பு, இரவில் எப்படி, தூசி பட்டால் தும்மல் வருமா, முன்பு ஏதாவது அடி, ஏதாவது ஆபரேஷன் என்று வரிசையாகக் கேட்டார். பிறகு நாக்கை அமுக்கிப் பார்க்கும் அந்தத் தட்டையான ஸ்டீல் துண்டை என் மூக்குக்குக் கீழே பிடித்து, சாதாரணமாக மூச்சு விடச் சொன்னார். குளிர்ந்த ஸ்டீலில் இடது துளைக்குக் கீழே அகலமாக ஆவி படிந்தது. வலது பக்கம் மெல்லிய ஒரு பொட்டு, அதுவும் உடனே மறைந்துவிட்டது. அதை எனக்கே காட்டினார். அடுத்து என் வலது கன்னத்தில் இரண்டு விரலை வைத்துக் காதுப் பக்கமாக மெதுவாக இழுத்து, "இப்ப மூச்சு இழுங்க" என்றார். சரேலென்று காற்று உள்ளே போனது. அத்தனை வருடத்தில் அந்தப் பக்கம் அப்படிக் காற்று போனதே இல்லை. காற்றுப் பாதையின் குறுகலான இடத்தில்தான் பிரச்சினை இருக்கிறது, தண்டு வளைவை மட்டும் சரிசெய்தால் போதாது, அந்த இடத்தை விரித்துத் தாங்க உங்கள் தண்டிலிருந்தே மெல்லிய குருத்தெலும்புப் பட்டை எடுத்து வைக்க வேண்டும் என்று ஒரு தாளில் வரைந்து காட்டினார். வடிவத்தைப் பற்றிப் பேசியது அதற்குப் பிறகுதான். மேட்டைக் குறைக்கலாம், முழுக்க வழித்து எடுக்க மாட்டேன், நுனியின் சாய்வு முக்கால்வாசி நிமிரும் என்றார். முழுக்க நேராகும் என்று அவர் சொல்லாததே எனக்கு நம்பிக்கை தந்தது.

டாக்டரைத் தேர்ந்தெடுக்கும்போது பெயருக்குப் பின்னால் இருக்கிற எழுத்துகளைப் படியுங்கள். பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது டி.என்.பி. படித்தவர்கள் இதைச் செய்கிறார்கள். மூக்கு வடிவ ஆபரேஷனில் தனிப் பயிற்சி பெற்ற காது மூக்கு தொண்டை நிபுணர்களும் செய்கிறார்கள். இருவரில் யார் மேல் என்று நான் சொல்ல மாட்டேன். மூக்கை மட்டும் எவ்வளவு அடிக்கடி செய்கிறார் என்பதுதான் முக்கியம். பதிவு எண்ணை வாங்கி மாநில மருத்துவ கவுன்சிலில் சரிபார்க்கலாம். அவர் செய்த பழைய ஆபரேஷன்களின் போட்டோக்களைக் கேட்டால், ஒரு மாதம் ஆனவற்றைக் காட்டுகிறாரா, ஒரு வருடம் ஆனவற்றைக் காட்டுகிறாரா என்று கவனியுங்கள். நம்மைப் போன்ற தோலும் மூக்கும் உள்ளவர்களின் படங்களையே கேளுங்கள். நம் ஊர்க்காரர்கள் பலருக்கு மூக்கு நுனியில் தோல் தடிப்பு. உள்ளே எவ்வளவு நுணுக்கமாகச் செதுக்கினாலும் தடித்த தோல் அதை மூடிவிடும். வடநாட்டு நடிகையின் கூர் நுனியைப் படமாகக் கொண்டுபோய்க் காட்டினால், முடியாது என்று சொல்பவர்தான் நல்ல டாக்டர்.

போன் கேமராவைப் பற்றியும் சொல்ல வேண்டும். என்னிடம் யோசனை கேட்கும் இளம்பெண்களில் பாதிப்பேர் செல்பியைக் காட்டித்தான் "மூக்கு பெருசா இருக்கு பாருங்கக்கா" என்கிறார்கள். 12 அங்குலத் தூரத்தில் எடுத்த படத்தில், 5 அடி தள்ளி எடுத்த படத்தைவிட மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018-ல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். முகத்தின் அளவு மாறுவதில்லை; கேமராவுக்கு அருகில் இருப்பதால் மூக்கு மட்டும் பெரிதாகிறது. செல்பியைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் ஆபரேஷனுக்கு நாள் குறிக்க வேண்டாம். யாரையாவது 5 அடி தள்ளி நின்று நேராகவும், இரண்டு பக்கவாட்டிலும், அண்ணாந்தும் எடுக்கச் சொல்லிப் பாருங்கள். டாக்டர்கள் கம்ப்யூட்டரில் காட்டும் மாற்றமும் பேசிப் புரிந்துகொள்வதற்கு மட்டும்தான். படத்தில் பிக்சல் நகர்கிற மாதிரி எலும்பு நகராது.

என்னை ரொம்பவும் வருத்தும் விஷயம் கல்யாணத்துக்காக மூக்கைத் திருத்தச் சொல்வது. எங்கள் சொந்தத்தில் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டுப் போனவர்கள், மூக்கு மட்டும் கொஞ்சம் சப்பை என்று தரகரிடம் சொல்லியனுப்பினார்கள். அந்தப் பெண்ணின் அம்மா என்னிடம் டாக்டரின் போன் நம்பர் கேட்டு வந்தார். நான் பெண்ணிடம் தனியாகப் பேசினேன். அவளுக்குத் தன் மூக்கில் எந்தக் குறையும் தெரியவில்லை. நம்பர் கொடுக்க மாட்டேன் என்று அவள் அம்மாவிடம் நேராகவே சொல்லிவிட்டேன். மயக்க மருந்து, எலும்பு உடைப்பு, ஒரு வருட வீக்கம், ஏதாவது சரியில்லை என்றால் மறுபடி ஒரு ஆபரேஷன், எல்லாவற்றையும் தாங்கப்போவது அவள். முடிவு அவளுடையதாக இருக்க வேண்டும். வயதும் பார்க்க வேண்டும். முக எலும்பு வளர்ச்சி முடியாமல் இதைச் செய்ய மாட்டார்கள், பெண்களுக்குப் பொதுவாக 15, 16 வயதுக்கு மேல், பையன்களுக்கு இன்னும் ஓரிரு வருடம் தள்ளி. சொந்த விருப்பத்தோடு செய்பவர்களும் கல்யாணத் தேதிக்கு ஒட்டி வைக்காதீர்கள், ஒரு வருடம் முன்னால் முடித்துவிடுங்கள். இன்னொன்று. மற்றவர் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறையை நினைத்து நாள் முழுக்கக் கண்ணாடி முன்னால் நிற்பவர்கள், வெளியே போகவே அஞ்சுபவர்கள் முதலில் மனநல மருத்துவரைப் பார்ப்பது நல்லது. அந்தத் தவிப்பு ஆபரேஷனால் தீருவதில்லை, பலருக்குக் கூடிவிடுகிறது. அப்படிப்பட்டவர்களைத் திருப்பி அனுப்புகிற டாக்டர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு.

சரி, பணம். நான் விசாரித்த இடங்களில் ஒன்றரை லட்சத்திலிருந்து மூன்று லட்சம் வரை சொன்னார்கள். அந்தத் தொகைக்குள் மயக்க டாக்டரின் கட்டணம், தியேட்டர் வாடகை, ரூம், மருந்து, பிறகு பார்க்கப் போகும்போது ஆகும் செலவு எல்லாம் அடக்கமா என்று எழுத்தில் வாங்குங்கள். கேரளத்தில் 2018-ல் வந்த மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படி கட்டணப் பட்டியலை ஆஸ்பத்திரி வெளியே தெரியும்படி வைக்க வேண்டும், கேட்கத் தயங்காதீர்கள். அழகுக்கான ஆபரேஷனுக்கு ஜி.எஸ்.டி. உண்டு. பிறவிக் குறை, வளர்ச்சிக் குறை, விபத்துக் காயம் இவற்றால் கெட்டுப்போனதைச் சீர்செய்வதற்கு வரி இல்லை. இன்ஷூரன்ஸும் ஏறக்குறைய இதே கோட்டில்தான் நிற்கிறது. அழகு சிகிச்சைக்குப் பணம் தராது. மூச்சுக்குத் தடையான தண்டு வளைவைச் சரிசெய்தால் தரும், பல பாலிசிகளில் அதற்கும் 2 வருடக் காத்திருப்பு இருக்கிறது. எனக்கு இரண்டும் ஒரே மயக்கத்தில் நடந்ததால், பில்லைத் தனித்தனியாகப் பிரித்துத் தரச் சொன்னோம். தண்டு வளைவுப் பகுதிக்கு மட்டும் கிளெய்ம் கிடைத்தது. மொத்தத்தையும் மூச்சுத் தொல்லைக் கணக்கில் எழுதித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அது பொய்க் கிளெய்ம், மாட்டுவது நீங்கள்தான்.

சீர்செய்வதும் அழகுபடுத்துவதும் என்ற இந்தப் பிரிவு பழையது. வெட்டுண்ட மூக்கைத் தோலெடுத்து மறுபடி உண்டாக்குவது சுசுருதர் காலத்திலிருந்தே நம் நாட்டில் இருந்த வித்தை. எங்கள் பாலக்காட்டில் கோட்டை கட்டிய ஹைதர் அலியின் மகன் திப்புவோடு நடந்த போரில், ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய காவஸ்ஜி என்பவர் பிடிபட்டு மூக்கு அறுபட்டார். புனே பக்கத்தில் நெற்றித் தோலை எடுத்து அவருக்கு மூக்கு வைத்தார்கள். அந்தச் செய்தி படத்தோடு 1794-ல் லண்டன் பத்திரிகையில் வந்தது. அதைப் படித்துத்தான் ஐரோப்பிய மருத்துவர்கள் இந்த முறையைக் கையில் எடுத்தார்கள். நெற்றித் தோலால் மூக்கு வைக்கும் முறை புற்றுநோயால் மூக்கை இழந்தவர்களுக்கு இன்றும் பயன்படுகிறது.

ஆபரேஷனுக்கு முன் சாப்பிடுகிற எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் அரிஷ்டம், கஷாயம், லேகியம் இல்லாத வீடு கிடையாது. அதையெல்லாம் மருந்து என்றே நாம் எண்ணுவதில்லை. ஆஸ்பிரின், புரூபென் வகை வலி மாத்திரைகள், வைட்டமின் ஈ, மீன் எண்ணெய், பூண்டு கேப்ஸ்யூல் இவையெல்லாம் ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தக்கூடியவை. பொதுவாக இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் தாமாக நிறுத்தக்கூடாது, அதைக் கொடுத்த டாக்டரைக் கேட்க வேண்டும். பீடி, சிகரெட்டை நாலு வாரமாவது முன்னால் விட்டுவிட வேண்டும். புகை ரத்த ஓட்டத்தைக் குறைத்துக் காயம் ஆறுவதைக் கெடுக்கும். சம்மதப் படிவம் உங்களுக்குப் படிக்கத் தெரிந்த மொழியில் வேண்டும். எனக்கு மலையாளம் சரளமாகப் பேச வரும், எழுத்துக்கூட்டித்தான் படிக்க முடியும். மேற்கே போயிருந்தால் வரி வரியாக வாசித்துக் காட்டச் சொல்லித்தான் கையெழுத்துப் போட்டிருப்பேன். கோவையில் தமிழிலேயே கொடுத்தார்கள்.

எங்கள் வீட்டில் ஆபரேஷனைவிடப் பெரிய பேச்சாக இருந்தது மூக்குத்தி. "அம்மிணி, கழட்டுனா மறுபடி போடலாமான்னு கேட்டியா?" என்று அமுச்சி (என் அம்மாவின் அம்மா) தினம் போன் செய்வார். மூக்குத்தியைக் கழற்றாமல் தியேட்டருக்குள் விட மாட்டார்கள். ரத்தத்தை அடைக்கச் சூடு வைக்கும் மின்கருவி இருக்கும்போது உலோகம் உடம்பில் இருக்கக்கூடாது, அதோடு அங்கே கிருமி தங்கும். என் மூக்குத்தியின் திருகு வருடக்கணக்காகக் கழற்றாமல் இறுகிப்போயிருந்தது. வீட்டில் தேங்காய் எண்ணெய் விட்டு எவ்வளவு திருகியும் அசையவில்லை. நகைக்கடைப் பத்தரிடம் போய்த்தான் கழற்றினோம், அவர் சின்ன இடுக்கியால் உள்பக்கத் திருகைப் பிடித்து முன்பக்கத்தைச் சுற்றினார். கடைசி நாளில் ஆஸ்பத்திரியில் போராடினால் மூக்கு வீங்கிவிடும், அதனால் இரண்டு மூன்று வாரம் முன்பே கழற்றிவிடுங்கள். மூக்குத்தித் துளை சுருங்கலாம், மூடிவிடலாம். மூச்சு விடும் துளையின் அகலத்தைக் குறைப்பதற்கு மூக்குமடலை வெட்டித் தைக்கிறார்கள் என்றால் மூக்குத்தித் துளையின் இடமே மாறும். மறுபடி குத்துவது டாக்டர் சரி என்ற பிறகுதான், அது மாதக்கணக்கில் தள்ளிப்போகும். அமுச்சிக்கு இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "மூச்சு நல்லா வந்தாச் சரி, மூக்குத்தி எங்க போகுது" என்றார்.

ஆபரேஷன் முழு மயக்கத்தில் நடந்தது. என் மூக்கில் செய்தது திறந்த முறை. துளைகளுக்கு நடுவே உள்ள சதையில் சின்னதாகக் கீறித் தோலைத் தூக்கி, உள்ளே நேராகப் பார்த்துச் செய்வது. கீறல் உள்ளேயே இருக்கும் மூடிய முறையும் உண்டு; எது வேண்டும் என்பதை வேலையின் அளவை வைத்து டாக்டர் முடிவு செய்வார். விழித்தபோது வலியைவிட அடைப்புத்தான் தாங்க முடியாமல் இருந்தது. உள்ளே தண்டைத் தாங்க மெல்லிய தகடு, வெளியே மூக்கை அசையாமல் பிடிக்கும் கட்டு, அதை ஸ்பிளின்ட் என்பார்கள், மூச்சு முழுக்க வாயால். உதடு வெடித்தது. தொண்டையில் இறங்கிய ரத்தம் வயிற்றைப் புரட்டி, கருஞ்சிவப்பாக ஒரு முறை வாந்தி வந்தது. முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. இரண்டாம் நாள்தான் முகம் மிக அதிகமாக வீங்கும். கண்ணைச் சுற்றி நீலமும் கருப்புமாக இருக்கும், ஓரிரு வாரத்தில் மஞ்சளாகி மறையும். சின்னப் பிள்ளை இருக்கும் வீடு என்றால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். என் மகன் என்னைப் பார்த்து அழுது பாட்டியின் பின்னால் ஒளிந்துகொண்டான். பயம் தெளிந்ததும் வழக்கம்போல் ஓடிவந்து மடியில் ஏறப் பார்த்தான், அது இன்னும் ஆபத்து. முதல் சில வாரம் அவன் அத்தையிடம்தான் படுத்தான். நான் மூன்று தலையணையைச் சாய்வாக அடுக்கி, தலையை உயர்த்தி மல்லாந்தே தூங்கினேன்.

மூக்குச் சிந்தக்கூடாது. தும்மலை அடக்கவும் கூடாது. "தும்மல் வந்தா வாய் தொறந்து தும்மணும், கேட்டோ" என்று மலையாள நர்ஸ் சேச்சி ஒவ்வொரு முறையும் சொல்வார். குனிந்து கூட்டுவது, குடம் தூக்குவது, தேங்காய் உரிப்பது எல்லாம் மூன்று நாலு வாரத்துக்கு வேறொருவர் செய்ய வேண்டும். யார் செய்வார்கள் என்று ஆபரேஷனுக்கு முன்பே வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள், வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பெண்கள் மூன்றாம் நாளே அடுப்படிக்குப் போய்விடுகிறோம். கண்ணாடி போடுகிறவர்கள் ஒரு மாதத்துக்கும் மேலாக அதை மூக்கின் மேல் வைக்காமல் இருக்க வேண்டும்; நான் கண்ணாடியின் நடுப்பகுதியை நெற்றியில் பிளாஸ்டரால் ஒட்டி மாட்டிக்கொண்டேன். எண்ணெய் தேய்த்துத் தலை முழுகுவதும் ஸ்பிளின்ட் இருக்கும்வரை கிடையாது, நனைந்தால் கழன்றுவிடும்.

நம் பக்கத்து வைத்தியங்களை இங்கே கண்டிப்பாக நிறுத்தி வைக்க வேண்டும். மூக்கடைப்பு என்றால் நொச்சி போட்டு ஆவி பிடிப்போம். கேரளத்தில் மூக்கில் தைலம் விடும் நசியம் வீட்டுக்கு வீடு தெரியும். ஆறாத தையல் மேல் எண்ணெயும் சூடும் படக்கூடாது; சூடு பட்டால் ரத்தம் கசியும், வீக்கம் ஏறும். டாக்டர் எழுதித் தந்த உப்புத்தண்ணீர் ஸ்பிரே மட்டும்தான். பருவம் பார்த்து நாள் குறிப்பதும் எங்கள் ஊருக்கு அவசியம். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கார்த்திகையிலிருந்து மாசி வரை வறண்ட காற்று அடித்துக்கொண்டே இருக்கும். மலையாளிகள் விருச்சிகக் காற்று என்பார்கள். அந்தக் காற்றில் மூக்கு உள்ளே காய்ந்து பொருக்குத் தட்டும், புழுதியில் தும்மல் நிற்காது. நான் பள்ளி விடுமுறையான ஏப்ரலில் வைத்துக்கொண்டேன். பிளாஸ்டருக்குள் வியர்த்துக் கசகசத்தது. இருந்தாலும் வீட்டுக்குள்ளேயே இருக்க முடிந்தது; வெயில் நேரடியாகப் படாமல் பார்த்துக்கொண்டேன்.

இவை வந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்: நிற்காமல் வடியும் புது ரத்தம், காய்ச்சல், குறைவதற்குப் பதிலாகக் கூடிக்கொண்டே போகும் வலி, திடீரென்று இரண்டு பக்கமும் முழுதாக அடைத்துக்கொள்வது, பார்வையில் மாற்றம். தண்டுக்குள் ரத்தம் கட்டிக்கொண்டால் சில நாளிலேயே குருத்தெலும்பு அழுகி மூக்கு அமுங்கிப்போகும். உடனே வெளியேற்றினால் தப்பிக்கும். எல்லை தாண்டிப் போய்ச் செய்துகொள்பவர்கள், இரவில் கூப்பிட ஒரு நம்பரையும் அவசரத்துக்குப் போக அருகில் ஒரு ஆஸ்பத்திரியையும் முன்பே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மேல் முன்பற்களும் மூக்கு நுனியும் சில வாரம் மரத்துப்போவது, வாசனை கொஞ்ச காலம் மந்தமாக இருப்பது சாதாரணம். என் மூக்குக்குக் காபி மணம் திரும்பி வர நேரம் எடுத்தது.

ஸ்பிளின்ட்டை ஒரு வாரம் கழித்துக் கழற்றினார்கள். கண்ணாடியில் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. அகலமாக, உப்பி, நுனி மேலே தூக்கி, எனக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு மூக்கு. அன்றைக்கு டாக்டர் என்னை நிமிர்ந்து உட்காரச் சொல்லி மறுபடி அந்த ஸ்டீல் துண்டைப் பிடித்தார். வீக்கம் இருந்தபோதே வலப்பக்கம் ஆவி முன்பைவிட அகலமாகப் படிந்தது. வடிவம் வருவதற்கு அதற்குப் பிறகு மாதங்கள் ஆயின. வீக்கத்தின் பெரும்பகுதி சில வாரத்தில் வடியும். நுனியில் இருக்கும் கடைசிப் பங்குக்கு ஒரு வருடம் ஆகும், தோல் தடித்தவர்களுக்கு அதற்கு மேலும் ஆகும். காலையில் அதிகம், மாலையில் குறைவு என்று நாளுக்கு நாள் மாறும். அதனால் முதல் மாதங்களில் அளவெடுத்துப் பார்த்து மனதைப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டாம். இன்று என் மேடு போய்விட்டது, சாய்வு கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. இரவில் வாயை மூடித் தூங்குகிறேன். எனக்கு அது போதும்.

கத்தி வேண்டாம், ஊசி போட்டே மூக்கை நிமிர்த்தலாம் என்று இப்போது சிறிய ஊர்களில்கூட முகாம் போடுகிறார்கள். தோலுக்கடியில் ஜெல் போன்ற மருந்தை நிரப்பும் இந்தப் பில்லர் ஊசி மூக்கைக் கூட்டிக் காட்டும், குறைக்காது. மூச்சுக்கும் ஒன்றும் செய்யாது, பல மாதங்களில் கரைந்துவிடும். ஊசி மருந்து தவறி ரத்தக் குழாய்க்குள் போனால் மூக்குத் தோல் அழுகலாம், அபூர்வமாகக் கண் பார்வையே போகலாம். பயிற்சி பெற்ற டாக்டர், மருந்தைக் கரைக்கும் எதிர்மருந்து கைவசம் இருக்கும் இடம், இவை இல்லாமல் பியூட்டி பார்லரில் இதைப் போட்டுக்கொள்ளவே கூடாது. ஆன்லைனில் விற்கும் மூக்குக் கிளிப்பால் வளர்ந்தவர்களின் குருத்தெலும்பு மாறாது.

செய்துகொண்ட பிறகு பிடிக்கவில்லை என்றால்? நல்ல கைகளிலும் பத்தில் ஒருவருக்கு அருகில் மறு ஆபரேஷன் தேவைப்படலாம் என்று முன்பே தெரிந்துகொண்டு போக வேண்டும். அதற்கும் ஒரு வருடமாவது காத்திருப்பார்கள். அப்போது புதிய டாக்டருக்கு முதலில் தேவைப்படுவது பழைய ஆபரேஷன் குறிப்பு: எங்கே எலும்பு வெட்டினார்கள், தண்டிலிருந்து எவ்வளவு குருத்தெலும்பு எடுத்தார்கள், ஏதாவது சிலிக்கான் வைத்தார்களா என்று. தண்டில் மிச்சம் இல்லை என்றால் காதிலிருந்தோ விலா எலும்பிலிருந்தோ எடுக்க வேண்டியிருக்கும். இந்தக் குறிப்பு டிஸ்சார்ஜ் சம்மரியில் முழுதாக வராது. டிஸ்சார்ஜ் ஆகும் அன்றைக்கே ஆபரேஷன் நோட்டின் நகலைக் கேட்டு வாங்கி, சி.டி. ஸ்கேன், முன் எடுத்த போட்டோக்களோடு ஒரே கவரில் வைத்துவிடுங்கள். கவரின் மேல் மருந்து ஒவ்வாமையையும் எழுதி வையுங்கள்.